கழராத நட்டும் மூடின துறைமுகமும்

ஹெவ்லொக் வீதியில் இருந்து உள்ளே திரும்புகிற ஒரு ஒழுங்கை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கார்த் தரிப்பிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேர் ஒரேயொரு வீல் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றோம். கார், ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த ஒரு பழைய டொயோட்டா விட்ஸ். பின் டயரில் காற்று இல்லை. மூன்று நட் கழன்றுவிட்டது. நாலாவது அசையமாட்டேன் என்கிறது. காரோடு வருகிற அந்தக் கட்டை வீல் ஸ்பனரில் ஒருவன் ஏறி நின்றான். ஸ்பனர் வழுக்கி, நட்டின் ஒரு மூலை மழுங்கிப்போனதுதான் மிச்சம்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அங்கிள் வந்தார். "தம்பிமார், உதைக்காதேங்கோ. ஸ்டட் முறிஞ்சால் பிறகு ட்ரம்மையே கழட்ட வேணும்" என்றார். உள்ளே போய் ஒரு மீற்றர் நீளத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து வந்து ஸ்பனரின் கைப்பிடியில் செருகினார். ஒரு கையால் மெதுவாக அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அன்றிரவே நாங்கள் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு பட்டரி இம்பெக்ட் ரென்ச் வாங்குவது என்று முடிவெடுத்தோம். காணொளிகளில் ஆயிரம் நியூட்டன் மீற்றர், ஆயிரத்து நானூறு நியூட்டன் மீற்றர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பெரியதாகவே வாங்குவோம் என்று அங்கிளிடம் சொன்னபோது அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

எங்களிடம் பதில் இல்லை. தேடத் தொடங்கினோம். தேடல் ஒரு கருவிக் கடையில் முடியும் என்றுதான் நினைத்தோம். அது இந்த நாட்டின் இறக்குமதிச் சட்டங்களுக்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டது.

வெளிநாட்டில் வீட்டில் கார் திருத்துகிறவர்களில் பலருக்கு அது பொழுதுபோக்கு. இங்கே அப்படி இல்லை. இலங்கையில் துறைமுகம் வாகனங்களுக்கு மூடப்படும் ஒவ்வொரு முறையும், ஒரு தலைமுறை ஸ்பனரைக் கையில் எடுத்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி கரைந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது அது முதல் தடவை நடந்தது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் கதவு இன்னும் இறுகியது. அதற்கு முன் வந்து இறங்கிய கார்கள்தான் கார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஹில்மன், பேஜோ. டொக்டர், வக்கீல், பள்ளிக்கூட அதிபர் என்று யார் வீட்டில் ஒன்று நின்றதோ அது அங்கேயே நின்றது, அல்லது விலை ஏறி இன்னொருவர் வீட்டுக்குப் போனது. பழசாக ஆக விலை கூடுகிற ஒரு பொருளாகக் கார் மாறிய விசித்திரம் அப்போதே தொடங்கிவிட்டது.

அங்கிளின் அப்பாவிடம் ஒரு மைனர் இருந்ததாம். அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயத்தை முதலில் நாங்கள் நம்பவில்லை. "அது பிரிட்டிஷ் கார்தான். ஆனா எஞ்சினுக்குள்ள இருக்கிறது பிரெஞ்சு மரை." தேடிப் பார்த்தோம், உண்மைதான். முதலாம் உலகப் போரின்போது ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பனி இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டது. இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. 1923-இல் வில்லியம் மொரிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கினார். இயந்திரங்களை மாற்றுவது செலவு. அதனால் மரை மெட்ரிக்கிலேயே இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்கிடம் இருந்த ஸ்பனரோ விட்வர்த் அளவு. ஆகவே பொல்ட்டின் தலையை மட்டும் விட்வர்த் அளவில் செய்தார்கள். உடம்பு பிரெஞ்சு, தலை இங்கிலிஷ்! 1948-இல் லண்டனில் அறிமுகமான முதல் மைனர்களின் எஞ்சினிலும் இதே கூத்துத்தான்.

விட்வர்த் என்பது ஜோசப் விட்வர்த் என்ற பொறியியலாளர் 1841-இல் முன்வைத்த மரை ஒழுங்கு. உலகின் முதல் தேசிய மரை நியமம் என்று அதைச் சொல்வார்கள். அந்த ஸ்பனரில் 1/2 என்று எழுதியிருந்தால் அது நட்டின் அகலம் இல்லை. உள்ளே போகும் பொல்ட்டின் விட்டம். புதிதாகப் பழகுகிறவரை அழவைக்க இதுவே போதும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பொல்ட் பிரிட்டிஷ் நட்டுக்குள் போகாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. மைனரும் 1952-க்குப் பிறகு ஒஸ்டினின் ஏ-சீரிஸ் எஞ்சினோடு அந்தப் புதிய மரைக்கு மாறத் தொடங்கியது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரியான இரண்டு மைனர்கள். உள்ளே ஒன்றின் பொல்ட் மற்றதுக்குப் போகாது. கொழும்பின் பழைய கராஜ்களில் ஒரு பாஸ் மூன்று செட் ஸ்பனர் வைத்திருந்தது ஆடம்பரத்துக்கு இல்லை.

பழைய கார்களைப் பற்றிப் பேசும்போது இலக்கத் தகட்டைத் தாண்டிப் போக முடியாது. 1957-இல் இருந்து பதியப்பட்ட வாகனங்களின் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958 மார்ச்சில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புதுப் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். ஒரு காரில் நாலு ஆணியால் பூட்டப்பட்டிருக்கும் தகரத் துண்டுக்கு இவ்வளவு பாரம் இருந்தது. அங்கிளின் அப்பா ஆங்கில எழுத்துத் தகடு இருந்த பழைய மைனரையே தேடி வாங்கினாராம். காரணத்தை அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்கிறார் அங்கிள்.

1977-இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் கார்கள் வந்தன. அதோடு நாலாவது செட் ஸ்பனரும் வந்தது. தலையும் மெட்ரிக், உடம்பும் மெட்ரிக், 10, 12, 14, 17 என்று ஒழுங்கான எண்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் மெல்ல மெல்ல ஜப்பான் மயமாகின. மைனர்கள் மறையவில்லை. இங்கே அவற்றைத் திருத்தும் கை அந்தளவு தேறியிருந்ததால், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயர் என்பவர் 1990களில் தென்னிலங்கையிலேயே ஒரு பட்டறையைக் கூட்டாகத் தொடங்கி, அங்கே அடித்த தகடுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காரை அனுப்பிய நாட்டுக்கு அதன் உறுப்புகளை நாங்கள் திருப்பி அனுப்பினோம். பெருமைப்படலாம்தான். ஆனால் அந்தத் திறமை எங்கே இருந்து வந்தது? வேறு வழியில்லாமையில் இருந்துதான்.

இதே ஆண்டுகளில் கொழும்புத் தமிழரின் கதை வேறு. 1983 ஜூலையில் காலி வீதியில் கடைகளோடு வாகனங்களும் எரிந்தன. மறிக்கப்பட்ட வாகனங்களில் இருந்து எடுத்த பெற்றோலே எரிக்கப் பயன்பட்டது. வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் பல குடும்பங்கள் கப்பலேறி யாழ்ப்பாணம் போயின. அங்கிளின் குடும்பமும் ஒன்று. சில வருடங்களில் அங்கே இன்னொரு துறைமுகம் மூடியது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல், பட்டரி எல்லாம் தடை. மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்து, காபரேட்டருக்குள் நாலைந்து துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்களும் ஏ40களும் புகை கக்கிக்கொண்டு ஓடின. அவற்றின் அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்தான் அதைத் தாங்கியது. இன்றைய எஞ்சினில் அதைச் செய்தால் அன்றைக்கே முடிந்தது.

இறுகிய நட்டைக் கழற்றவும் அதே மண்ணெண்ணெய்தான். துணியை நனைத்து நட்டில் சுற்றி, இரவு முழுக்க ஊற விட்டு, காலையில் சுத்தியலால் நட்டின் தலையில் நாலு தட்டு. பிறகு ஸ்பனர், அதில் ஒரு குழாய். "ஒரு ஸ்டட் முறிஞ்சால் அடுத்தது எங்கை இருந்து வரும் எண்டு தெரியாது. அதாலை பயந்து பயந்துதான் கழட்டினது" என்றார் அங்கிள். ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறக்கும்வரை ஒவ்வொரு பொல்ட்டுக்கும் அந்த மரியாதை இருந்தது.

அவர் செய்ததைத்தான் இம்பெக்ட் ரென்ச் வேகமாகச் செய்கிறது. ஊறவைப்பதை விடுங்கள், அந்த நாலு தட்டைச் சொல்கிறோம். துருப்பிடித்த மரையில் இழுவை மட்டும் போதாது. அதிர்ச்சி வேண்டும், அதுதான் துருவின் பிடியை உடைக்கிறது. 1930களில் அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரத்தைச் சேர்ந்த ரொபர்ட் பொட் காப்புரிமை எடுத்த கருவி இது. உள்ளே மோட்டரோடு சேர்ந்து ஒரு கனமான இரும்புத் துண்டு சுற்றும், அதுதான் சுத்தியல். நட் இறுகி நின்றதும் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிப் பின்வாங்கி, திடீரென்று விடுபட்டுப் பாய்ந்து, சொக்கட் பூட்டியிருக்கும் தண்டில் பக்கவாட்டாக அடிக்கும். ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான அடி. ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு என்பதால் பிடித்திருக்கும் கை முறுகுவதில்லை. 1960களில் நாசாவின் ஜெமினி திட்டத்துக்கு பிளாக் அன்ட் டெக்கர் ஒரு பட்டரி ரென்ச் செய்துகொடுத்தபோது கவலையும் இதேதான். எடையில்லாத இடத்தில் பொல்ட் சுற்றாமல் விண்வெளி வீரர் சுற்றிவிடக்கூடாது!

பூமியில் நீண்ட காலம் இது காற்றில்தான் ஓடியது. கொம்பிரசரும் குழாயும் உள்ள கராஜுக்கும் டயர் கடைக்கும் மட்டும் சொந்தமான கருவி. 2005ஐ அண்டி லித்தியம் அயன் பட்டரி கருவிகளுக்குள் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் கைக்கு வந்தது.

எங்கள் தலைமுறைக்கு அது வந்து சேர்ந்த நேரம்தான் பொல்லாத நேரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, ஜூலையில் இருந்து கியூஆர் காட்டினால்தான் பெற்றோல். அந்த மின்வெட்டில் எங்கள் பக்கத்து டயர் கடைகளில் கொம்பிரசர் தூங்கியது, கால் பம்ப் திரும்பி வந்தது. பத்து வருடக் கார் பதினைந்து வருடக் காராகி, வாங்கிய விலையைவிடக் கூட விலை போனது. தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும், அந்த வரியோடு அந்த விலைக்கு எங்களில் யாரும் புதுக் கார் வாங்கப் போவதில்லை. விட்ஸ் இன்னும் கனகாலம் ஓடியாக வேண்டும். அதில் ஒருவனுடைய சாப்பாட்டு டெலிவரி வேலையும் ஓடுகிறது.

சரி, அங்கிளின் கேள்விக்கு வருவோம். எவ்வளவு வேணும்?

டொயோட்டாவின் சிறிய கார்களுக்கு வீல் நட் இறுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீற்றர். ஹொண்டாவுக்கு 108. சுசுகி வெகன் ஆர் போன்றவற்றுக்கு 85தான். 60 கிலோ ஆள் ஒருவர் கால் மீற்றர் ஸ்பனரின் நுனியில் ஏறி நின்றால் அதுவே ஏறத்தாழ 147. அப்படி நின்றும் எங்கள் நட் அசையவில்லை என்றால் என்ன அர்த்தம்? கடைசியாக டயர் மாற்றிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று விட்டு அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள், அதற்கு மேல் துருவும் ஏறியிருக்கிறது. ஒரு மீற்றர் குழாயில் அதே ஆள் தொங்கினால் கிட்டத்தட்ட 590. அங்கிளின் ஒரு கை ஏன் போதுமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஆகவே வீல் நட்டுக்கு மட்டும் என்றால் அரை அங்குலத் தலையும் 400 அளவு கழற்றும் வலுவும் உள்ள நடுத்தரக் கருவி தாராளம். முன் சில்லின் அக்சில் நட்டையும் கழற்ற நினைத்தால் 600 பக்கம் போகலாம். டொயோட்டாவில் அது இறுக்கும்போதே 200-க்கு மேல், பல வருடம் கழித்துக் கழற்ற அதைவிட எவ்வளவோ கூடக் கேட்கும். பழைய ஹொண்டாக்களின் கிராங்க் புலி பொல்ட் இன்னும் மோசம். இறுக்கும் அளவே 245ஐ அண்டியது, அதற்குப் பேர்போனது. ஆயிரத்து நானூறு என்பது லொறிக்காரருக்கு. அந்தப் பாரத்தைக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் பாருங்கள், வாங்கின ஆசை போய்விடும்.

பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். பெரும்பாலும் அது கழற்றும் திசையில், முழுப் பட்டரியில், மிகச் சாதகமான நிலையில் வரும் உச்சம். இறுக்கும் எண் அதைவிடக் குறைவு, சின்ன எழுத்தில் இருக்கும். சின்னப் பட்டரி போட்டால் அதே கருவி சோர்ந்துபோகும், அதனால் 4 அல்லது 5 அம்பியர் மணித்தியாலப் பட்டரியோடு வாங்குவது நல்லது. நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியும் அடியைக் குடித்துவிடும். ஓல்ட் மூர் ஸ்ட்ரீட்டில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் பிரபலமான பெயரை ஒட்டிய, எடையில்லாத பெட்டிகளும் இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. உள்ளே சுத்தியல் கனமாக இல்லாவிட்டால் அடி எங்கிருந்து வரும்?

சொக்கட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பளபளப்பான குரோம் சொக்கட் கையால் திருகுவதற்கு. இம்பெக்டில் போட்டால் வெடித்துச் சிதறலாம், முகத்துக்கு நேரே. கறுப்பு நிறமான, சுவர் தடித்த இம்பெக்ட் சொக்கட்தான் வேண்டும். டொயோட்டாவுக்கு 21, ஹொண்டாவுக்கும் சுசுகிக்கும் 19. கண்ணாடியும் போடுங்கள்.

இன்னொரு விஷயம். சில பழைய லொறிகளிலும் பழைய அமெரிக்கக் கார்களிலும் இடப்பக்கச் சில்லு நட்டுக்கு மரை எதிர்ப்பக்கம். தெரியாமல் துப்பாக்கியை வழமையான திசையில் வைத்து அழுத்தினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். கையால் திருகுகிறவருக்கு அந்தத் தவறு ஒரு கணத்தில் புரியும். இந்த மெஷினுக்கு நட் பேசுவது கேட்காது.

இறுக்குவதற்கு இம்பெக்டைத் தொடுவதில்லை என்று நாங்கள் எழுதாத சட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். இறுகிய பொல்ட் என்பது கொஞ்சம் இழுபட்ட ஸ்பிரிங் மாதிரி. அந்த இழுவைதான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவு கடந்து இழுத்தால் திரும்பிச் சுருங்காது. பிறகு ஒருநாள் ஹைவேயில் முறியும். ஆகவே நட்டைக் கைவிரலால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஜக்கை இறக்கிச் சில்லு நிலத்தில் பட்ட பிறகு டோர்க் ரென்ச்சால் 103-இல் 'கிளிக்' கேட்கும்வரை. ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருதடவை பார்ப்பது. டோர்க் ரென்ச்சுக்கும் காசு போட வேண்டும் என்றபோது ஒருவன் முணுமுணுத்தான். இம்பெக்டைச் சின்னதாக எடுத்து மிச்சத்தில் அதை வாங்கினோம்.

வாங்கிக் கொண்டுவந்து அங்கிளிடம் காட்டினோம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதைக் கொண்டு ஆனையிறவு தாண்ட விட்டிருக்க மாட்டாங்கள்" என்றார். பிறகு, தன்னுடைய குழாய்த் துண்டை எறிய வேண்டாம், சார்ஜ் இல்லாத நாளைக்கு இருக்கட்டும் என்று எங்களிடமே தந்துவிட்டார்.

ஐந்து பேர் காசு போட்டது. அதில் இருவர் இப்போது இங்கே இல்லை, ஒருத்தி மெல்பேர்ன், ஒருவன் டொரொன்டோ. பனிக்கு வேறு டயர் மாற்ற வேண்டுமாம், தன் பங்குக்கு இம்பெக்டை அனுப்பிவைக்கச் சொல்லி அவன் குரூப்பில் பகிடி விடுகிறான். பெட்டி இந்த மாதம் கிருலப்பனை வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் முதல் நாளே சொல்லுங்கள், பட்டரி சார்ஜ் போட வேண்டும். 19, 21 சொக்கட் உள்ளே உண்டு. 17-ஐ யாரோ எடுத்துப்போய்விட்டீர்கள். தயவுசெய்து திரும்ப வைத்துவிடுங்கள்.